மூன்றாம் கட்டத்தில் வெற்றிடம் இல்லை

என் சிறுநீரில் நுரை வருவதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி சுஹைரா. ஒரு காலையில் நான் தண்ணீர் ஊற்ற மறந்து வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"இஞ்ச பாருங்க, கக்கூசுக்க சவுக்காரத் தூள் கொட்டினீங்களா?"

"இல்லையே."

"அப்ப இந்த நுரை எங்கால வந்த?"

நான் முப்பத்தொரு வருடம் அரசாங்கக் காணிக் கந்தோரில் வேலை செய்தவன். கடைசி எட்டு வருடம் பிரதம எழுதுவினைஞர். கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பாப்பம்" என்றேன். அந்தப் "பாப்பம்" மூன்று மாதம் நீடித்தது. அதற்குள் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வார் பதிந்த இடம் மாலைவரை பள்ளமாகவே கிடக்கத் தொடங்கியது. சுஹைரா என்னைக் கிண்ணியாவில் திருகோணமலை பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினாள்.

திருகோணமலை நகரத்தில், மாடியில் நின்றால் துறைமுகம் தெரிகிற ஒரு கட்டடத்தில் 'துறைமுக வட்டாரச் சிறுநீரகப் பாதுகாப்பு நிலையம்' இருந்தது. டொக்டர் சுதர்சிகா என் மூத்த மகளை விட இளையவர். நான் கொடுத்த சிறு போத்தலுக்குள் ஒரு காகிதக் கீலத்தை விட்டெடுத்தார். அது கடும் பச்சையானது.

"மூண்டு பிளஸ்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிளஸ்கூட வாங்காதவன் நான். ஒரு கணம் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

"ஐயா, சிறுநீரகம் ஒரு வடி மாதிரி" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "கழிவு கீழ போகும், புரதம் மேல நிக்க வேணும். உங்கட சீனி வருத்தமும் பிரசரும் வடியின்ர ஓட்டையைப் பெருப்பிச்சிட்டுது. புரதம் ஒழுகுது. அப்பிடி ஒழுகிற புரதம் மிச்ச வடியையும் பழுதாக்கும்."

"இப்ப எவ்வளவு மிச்சம்?" என்று சுஹைரா கேட்டாள். நான் கேட்க வேண்டிய கேள்வி அது.

"உங்கட சீனி வருத்தக் கொப்பியில இருக்கிற ரத்த ரிப்போட்டின்படி நாப்பத்தாறு வீதம் வேலை செய்யுது. மூண்டாம் கட்டம். ஐஞ்சாம் கட்டத்துக்குப் போனால் மெசினிலதான் ரத்தம் சுத்திகரிக்க வேணும். அங்க போகாமல் பிடிச்சு வைக்க மாத்திரை இருக்கு. அதைத் தொடங்கினால் ரெண்டு கிழமையில ரத்தம் பாக்க வேணும். பதிவு இல்லாத ஆக்களுக்கு இஞ்ச ரத்தம் எடுக்க விடமாட்டினம். இருபத்திநாலு மணித்தியாலச் சலம் சேர்த்துக் கொண்டு வாங்கோ. அந்த ரிப்போட் வந்த உடன பதிவு. அதுவரைக்கும் உப்பைக் குறையுங்கோ. நோவு மாத்திரை போடவே கூடாது."

இவ்வளவு தெளிவாகச் சொன்னதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன் என்று சொன்னால்தான் என் உத்தியோக அனுபவத்தின் ஆழம் தெரியும். புரதம் ஒழுகுகிறது என்றால், போன அளவு புரதத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவதுதானே முறை? காலையில் இரண்டு முட்டை, பகலில் மாட்டிறைச்சி, பின்னேரம் இறால் என்று தொடங்கினேன். என் முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கும் மாத்திரையையும் விடவில்லை. டொக்டர் தடை செய்தது நோவு மாத்திரையை. நான் போடுவது முழங்கால் மாத்திரை. அது அந்த வகைக்குள் அடங்காது என்று எனக்கு நானே விளக்கம் எழுதிக்கொண்டேன்.

"டொக்டர் முட்டை தின்னச் சொன்னவவா?" என்று சுஹைரா கேட்டாள்.

"இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பொது அறிவு."

சலம், அதாவது சிறுநீர், சேர்க்கும் கான் நிலையத்தில் கையிருப்பில் இல்லை. ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கான் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டோம். முதல் நாள் காலை முதல் சலத்தை வெளியே விட வேண்டும். அதன் பின் மறுநாள் காலை முதல் சலம்வரை ஒரு துளி விடாமல் சேர்க்க வேண்டும். குளிராக வைக்கவும் வேண்டும். சுஹைரா முதலில் பிரிட்ஜில் மீனைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிக் கானை மேல்தட்டில் வைத்தாள். பிறகு கானைக் கீழே இறக்கி மீனை மேலே ஏற்றினாள். கடைசியில் மனம் கேளாமல் மீன், பால், தோடம்பழம் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிரிட்ஜ் முழுவதையும் என் கானுக்கே விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் பஸ்ஸில் கானை மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை அதையே பார்த்தபடி வந்தார்.

"நானா, வெருகல் தேனா?" என்று உறவு கொண்டாடிக் கேட்டார்.

இல்லை என்றால் என்னவென்று சொல்ல வேண்டிவரும். "ஓம்" என்றேன்.

"பாத்த உடன விளங்கிட்டு. அசல் தேனுக்குத்தான் இப்பிடி நுரை நிக்கும்" என்று அவர் முன்சீட்டுக்காரருக்கும் விளக்கினார். "எனக்கும் ஒரு போத்தல் எடுத்துத் தாங்களன்." அவருடைய தொலைபேசி இலக்கத்தை மரியாதையாகக் குறித்துக்கொண்டேன்.

நிலையத்தின் ஆய்வுகூடக் கவுண்டரில் இல்ஹாம் என்ற உத்தியோகத்தர் இருந்தார். படிவத்தைப் பார்த்தார். கானைப் பார்க்கவில்லை.

"எத்தன மணிக்குத் தொடங்கின?"

"காலம ஆறு மணிக்கு."

"முடிச்சது?"

"இண்டைக்குக் காலம ஆறு நாப்பது."

பேனையை மேசையில் வைத்தார். "இருபத்திநாலு மணித்தியாலம் நாப்பது நிமிசம். படிவத்தில இருபத்திநாலு எண்டுதான் இருக்கு."

"நாப்பது நிமிசத்த ஊத்திவிடட்டா?"

"எந்த நாப்பது நிமிசம்?"

கானின் மூடியை இன்னொரு முறை இறுக்கினேன். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது ஒருவகைப் பாசம். நல்ல உத்தியோகத்தர், நம்முடைய ஆள் என்று நினைத்தேன். ஒருமுறை வெருகலில் இருந்து மூன்று பஸ் மாறி வந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை, கையொப்பம் கட்டத்தின் கோட்டில் முட்டுகிறது என்று திருப்பி அனுப்பியவன் நான். அன்றைக்கு அந்தப் பெண் விண்ணப்பத்தை மடித்து எடுத்துக்கொண்டு மறுபடி பஸ்ஸுக்குப் போனார். கானைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது அவருடைய முகம் நினைவுக்கு வந்தது. அதை அப்போதைக்கு ஒத்திவைத்தேன்.

இரண்டாம் முறை அலாரம் வைத்து, இருபத்திநாலு மணித்தியாலத்தைச் செக்கனோடு கணக்காக முடித்தேன். கான் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஐந்து வாரத்தில் ரிப்போட் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று கிராமுக்கு மேல் புரதம் போகிறது. டொக்டர் சுதர்சிகா அதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு, பதிவுக்கு என்னைப் பணிப்பாளரிடம் அனுப்பினார்.

நிர்வாகப் பணிப்பாளர் தனஞ்சயனின் கதிரையில் வெள்ளைத் துவாய் விரித்திருந்தது. எழுந்து கைகொடுத்தார். நான் ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர் என்று கேள்விப்பட்டதும் தேத்தண்ணீரும் வரவழைத்தார்.

"உங்களுக்குச் சொன்னால் விளங்கும்" என்று தொடங்கினார். "மூன்றாம் கட்டத்துக்கு எங்களுடைய நிலையத்தில் அறுபது பேர். அறுபதும் நிரம்பிவிட்டது. தற்சமயம் மூன்றாம் கட்டத்தில் வெற்றிடம் இல்லை."

"வெற்றிடம் எப்ப வரும், சேர்?"

"ஒருவர் நான்காம் கட்டத்துக்குப் பதவி உயர்ந்தால்..." என்றவர், நிறுத்தித் திருத்திக்கொண்டார். "முன்னேறினால், அந்த இடம் காலியாகும். நான்காம் கட்டத்தில் இப்போதே இரண்டு இடம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இன்னும் தகைமை போதாது."

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் என்மேல் உண்மையான அனுதாபம் இருந்தது. நான் நன்றி சொல்லி எழுந்தேன். காத்திருப்போர் பட்டியலில் என் இலக்கம் நாற்பத்து மூன்று.

நாற்பத்திரண்டாம் இலக்கக்காரர் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். பெயர் ரஞ்சன். திரியாய் ஊர், வயது முப்பத்தெட்டு, துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. பிரசர் இருப்பதே தெரியாமல் பல வருடம் போனதால் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. மூன்று பெண் பிள்ளைகள். கையில் ஒரு காகிதத் துண்டு வைத்திருந்தார்.

"ஐயா, நீங்கள் கந்தோரில இருந்தனீங்கள் எண்டு சொல்லிச்சினம். இது டொக்டர் தந்த கடிதம். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லி மெல்லமாச் சொன்னவ. போகட்டோ?"

என் வாழ்க்கையில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தவர்கள் குறைவு. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"தம்பி, பைல் ஒரு இடத்தில இருக்கேக்க ஆள் இன்னொரு இடத்துக்குப் போகப்படாது. பிறகு ரெண்டு இடத்திலயும் இல்லாமப் போயிடும். நாங்க முறைப்படி போவம்."

"அப்பிடியெண்டால் சரி ஐயா" என்று அவர் அந்தக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வீட்டில் சுஹைரா தனியார் டொக்டர் ஒருவரிடம் போவோம் என்றாள். அரச சேவையில் இருந்தவன் வரிசையைக் குழப்பக் கூடாது என்று நான் சொன்னேன்.

"வருத்தம் உங்களுக்கா, உங்கட பைலுக்கா?" என்று கேட்டாள். இதற்கும் "பாப்பம்" என்றேன்.

ஐந்து மாதம் போனது. மார்ச் மாதத்தில் சிறுநீரக தினம் வந்தது. நிலையத்தில் விழா. தனஞ்சயன் தானே தொலைபேசி எடுத்து, நோயாளர் சார்பில் நான் நன்றியுரை சொல்ல வேண்டும் என்று கேட்டார். "உங்கள் தமிழ் நல்ல தமிழ். உங்கள் பைலையும் கவனத்தில் எடுப்போம்" என்றார்.

இந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. பட்டியல், அறுபது, காத்திருப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். சுஹைரா அதை வாசித்தாள். கல்யாணமான நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னை அப்படிப் பார்த்தாள். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு வாங்க" என்று சேர்ட்டின் கொலரைச் சரிசெய்துவிட்டாள்.

விழாவில் 'உப்பைக் குறைப்போம்' என்ற பதாகைக்குக் கீழே எல்லோருக்கும் உப்பு மிக்சரும் ரோல்ஸும் சோடாவும் கொடுத்தார்கள். தனஞ்சயன் பேசினார்.

"ஐந்து வருடங்களுக்கு முன்னர் இந்த வட்டாரத்தில் எத்தனை சிறுநீரக நோயாளர்கள் இருக்கிறார்கள் என்பது எவருக்கும் தெரியாது. இன்றும் தெரியாது. ஆனால் இன்று நாம் அதை ஒழுங்கான முறையில் அறியாமல் இருக்கிறோம். மூன்றாம் கட்ட நோயாளர் எண்ணிக்கை மூன்று வருடங்களாக ஒருவரால்கூட அதிகரிக்கவில்லை. அறுபது என்றால் அறுபதுதான். நோய் எங்கள் எல்லையைத் தாண்டத் துணியவில்லை. அது மட்டுமல்ல. எமது அயராத முயற்சியின் பயனாகக் காத்திருப்போர் பட்டியலும் இந்த மாதம் நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்திரண்டாகக் குறைந்துள்ளது என்பதை மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறேன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். யார் குறைந்தது என்று யோசிக்கவில்லை.

என் முறை வந்தது. ஒலிவாங்கிக்கு முன் நின்று சட்டைப் பையைத் தொட்டேன். காகிதம் இருந்தது. வாயைத் திறந்தேன். "பெருமதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே" என்று வந்தது. அதற்குப் பிறகு என்னால் நிற்பாட்ட முடியவில்லை. முப்பத்தொரு வருடம் உள்ளே கிடந்தது எல்லாம் ஒழுகியது. பணிப்பாளருக்கு நன்றி சொன்னேன். ஆய்வுகூடத்துக்குச் சொன்னேன். பந்தல் போட்டவருக்கும், கதிரை தந்தவருக்கும், மிக்சர் பொரித்தவருக்கும், வீசிக்கொண்டிருந்த துறைமுகக் காற்றுக்கும் நன்றி சொன்னேன். டொக்டர் சுதர்சிகா மூன்றாம் வரிசையில் இருந்து என்னைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வந்தபோது பின்வரிசையில் ரஞ்சனைக் கண்டேன். முகம் ஊதி, கண் இரண்டும் சிறுத்திருந்தன. என்னைக் கண்டதும் மரியாதைக்கு எழும்ப முயன்று, மூச்சு வாங்கி, மறுபடி உட்கார்ந்தார்.

"நல்லாக் கதைச்சீங்கள் ஐயா. எனக்கு இப்ப காது கொஞ்சம் அடைப்பு. வடிவாக் கேக்கேல்ல. எங்களைப் பற்றியும் ஏதோ சொன்னீங்கள், என்ன?"

அவர் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன்.

"போன கிழமை பெரியாஸ்பத்திரியில ரத்தம் பாத்தது. இருபத்திரண்டு வீதம். நாலாம் கட்டம். உடன எடுத்திட்டினம். ஒரு நாளும் காக்க வைக்கேல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அண்டைக்கே கண்டிக்குப் போயிருந்தால் எப்பிடி இருந்திருக்கும் எண்டு டொக்டரிட்டக் கேட்டனான். அவ அடுத்த கிளினிக் திகதியைத்தான் எழுதித் தந்தவ."

அன்று டொக்டர் என்னையும் விடவில்லை. தன் பொறுப்பில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். முப்பத்து நான்கு வீதம். என்ன சாப்பிடுகிறேன், என்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்டார். முட்டைக் கதையையும் முழங்கால் மாத்திரைக் கதையையும் சொன்னேன்.

"ஐயா" என்றார். "அவை உங்களைக் காக்க வைச்சினம். இந்த ரெண்டையும் நீங்கள்தானே செய்தனீங்கள்."

வீட்டுக்கு வந்ததும் சுஹைரா வாசலிலேயே நின்றாள். சட்டைப் பையில் இருந்த காகிதத்தை, மடித்தது மடித்தபடி, எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, விரித்துப் பார்க்காமல், குசினிக்குள் போய்விட்டாள். முழங்கால் மாத்திரைப் போத்தலை நானே எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை முழங்கால் நோவோடு மேசைக்கு முன் உட்கார்ந்தேன். எனக்கு மேடையில் பேச வராது என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் ஒரு கந்தோரை எது கலங்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். 'ஏன்' என்று கேட்டால் அது அசையாது. 'எந்தச் சுற்றறிக்கை, எத்தனையாம் இலக்கம், என்ன திகதி' என்று கேட்டால் அது பைல் அலுமாரியைத் திறந்தே ஆக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு விண்ணப்பம் எழுதினேன். மூன்றாம் கட்டத்துக்கு அறுபது பேர் என்று தீர்மானித்தது யார்? எந்தச் சுற்றறிக்கையின் கீழ்? அதன் பிரதி ஒன்று தேவை. கையொப்பம் கட்டத்தின் கோட்டில் முட்டாமல் பார்த்துப் போட்டேன்.

பத்தாம் நாள் தனஞ்சயன் தொலைபேசி எடுத்தார். குரல் பன்னீர் தெளித்தது போல இருந்தது.

"என்ன ஐயா, எங்களுக்குள்ள இருக்கிற கதையை ஏன் எழுத்தில கொண்டு வந்தீங்கள்?"

"எழுத்தில இல்லாட்டி அது நடக்கவே இல்ல எண்டுதானே சேர் நம்மள ரெண்டு பேரையும் படிப்பிச்ச?"

மூன்று நாள் கழித்துப் பதில் பதிவுத் தபாலில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்: "மேற்படி எண்ணிக்கை தொடர்பில் சுற்றறிக்கை எதுவும் வெளியிடப்படவில்லை. நிலையத்தின் பதிவேட்டில் மூன்றாம் கட்டத்துக்குரிய பக்கங்களில் அறுபது வரிகள் மாத்திரமே அச்சிடப்பட்டிருந்தமை இதற்கான காரணமாகும் என்பதைத் தயவுடன் அறியத் தருகின்றேன்."

மூன்று முறை வாசித்தேன். பிறகு சிரித்தேன். நான் அழுகிறேன் என்று நினைத்துச் சுஹைரா குசினியில் இருந்து ஓடி வந்தாள். அவள் நினைத்ததும் முழுக்கப் பிழையில்லை.

கடைக்குப் போய் மட்டை போட்ட ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கினேன். சிவப்பு மையால் பத்தி பிரித்து, ஒரு பின்னேரம் முழுக்க இருந்து இருநூறு வரிக்கு இலக்கம் போட்டேன். பதிலின் பிரதியை முதல் பக்கத்தில் ஒட்டி டொக்டர் சுதர்சிகாவிடம் கொண்டுபோனேன்.

"இதில எழுதினால் செல்லுமோ?" என்று அவர் கேட்டார்.

"செல்லாது எண்டு ஒரு சுற்றறிக்கையிலயும் இல்ல, மகள்."

அவர் கடிதத்தை வாசித்தார். பேனையை எடுத்து அன்றைக்கே எழுதத் தொடங்கினார். ஒரு வாரத்துக்குள் காத்திருந்த நாற்பத்திரண்டு பேரும் பதிவாகினார்கள். எல்லோருக்கும் இரத்தம் பார்த்து மாத்திரை தொடங்கியது. தனஞ்சயன் இதற்குப் 'பதிவேடு விரிவாக்கத் திட்டம்' என்று பெயர் வைத்து, கொப்பிக்கு ரிபன் கட்டி வெட்டினார். நன்றியுரைக்கு என்னைத்தான் கேட்டார். முழங்கால் நோவு, நிற்க ஏலாது என்றேன். அது உண்மை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திரியாய்க்குப் போனேன். ரஞ்சன் வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்தார். மூட்டை வேலையை விட்டிருந்தார். மெசினில் போட வேண்டிவந்தால் என்று கையில் நரம்பு பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். கடைசிப் பிள்ளை அவர் காலடியில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"ரஞ்சன், நான் அண்டைக்கு உங்களுக்குச் சொன்னது பிழை. எனக்கு ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சிட்டன்."

அவர் பிள்ளை கீறிய படத்தைக் குனிந்து பார்த்தார். கோபித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

"கோவம் வந்ததுதான்" என்றார் கடைசியில். "ராவில படுத்தால் வரும். இப்பவும் வரும்." பிறகு உள்ளே பார்த்து, "சீனி போடாமல் ஒரு தேத்தண்ணி கொண்டு வாங்கோ. இவருக்குச் சீனி வருத்தம்" என்றார்.

குடித்தேன். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டு எழுத்தில் வாங்குகிற பழக்கத்தை அந்த முற்றத்தில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது அவருடைய கிளினிக் நாளில் நானும் போகிறேன். படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறேன். எங்கே போகச் சொல்ல வேண்டும் என்ற ஆலோசனையை டொக்டருக்கு விட்டுவிட்டேன்.

போன கிழமை என் ரிப்போட் வந்தது. புரதம் ஒரு கிராமுக்கு இறங்கியிருந்தது. முப்பத்து நான்கு, முப்பத்து நான்காகவே நின்றது. முட்டையைக் குறைத்தால் இவ்வளவு நடக்குமா என்று கேட்டேன். மாத்திரையால், உப்பைக் குறைத்ததால், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முழங்கால் மாத்திரையை விட்டதால் என்றார் டொக்டர்.

"அப்ப பழையபடி நாப்பத்தாறுக்குக் கொண்டு போகலாமா?"

"ஏலாது ஐயா. போனது போனதுதான். ஐஞ்சாம் கட்டத்துக்குப் போற பயணத்தை எவ்வளவுக்கு மெதுவாக்கலாமோ, அவ்வளவுக்கு மெதுவாக்கிறதுதான் இனி எங்கட வேலை. பத்து வருசம் இழுத்தாலும் இழுக்கலாம்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சுஹைரா ரிப்போட்டை என் கையில் இருந்து வாங்கி, மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"முப்பத்தொரு வருசம் பழகின வேலதானே" என்றாள். "வேற ஆக்கள்ட அலுவலையெல்லாம் இழுத்தடிச்ச மாதிரி, இதையும் ஒருக்கா நல்லா இழுத்தடிங்க."